வாயில் ஆணி

கேம்பிரிட்ஜில், சந்தைக்குப் பின்னால் ஒரு முடுக்கில்
சைலஸ் ஹக்கிள் குதிகால் அடித்துக்கொண்டிருந்தான்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறு, மார்ச்,
மூக்கு ஒழுகும் குளிர்.
கறுப்பு அங்கி மாணவர்கள் மூவர்
சன்னலில் முகம் வைத்துக் கத்தினார்கள்:
ஸ்நாப்! ஸ்நாப்!

அவன் நிமிரவில்லை.
பயந்துவிட்டான் என்று
சிரித்துக்கொண்டே போனார்கள்.

உதட்டிடுக்கில் பதினோரு ஆணிகள் இருந்தன.
ஒவ்வொன்றாய் நாக்கால் தள்ளி, எடுத்து, அறைந்து,
கடைசி ஆணியும் தோலுக்குள் இறங்கிய பிறகு
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"ஆமா, என்ன வேணும்?"
தெருவில் ஒரு நாய்.

அந்தச் சொல்லுக்கு அதுவரை அதுதான் பொருள்.
செருப்புத் தைப்பவன்.
தச்சனைத் தச்சா என்று கூப்பிட்டால்
தச்சன் அழுவானா?

கூவியவர்களில் நெட்டையன், பெவரில்,
பூட்ஸுக்குப் பதினேழு ஷில்லிங் பாக்கி.
நோட்டில் அவன் பெயருக்கு நேரே பாதத்தின் வரைபடம்:
இடது பெருவிரல் உள்ளே சாய்ந்திருக்கிறது,
சுண்டுவிரலில் காய்ப்பு.
பிரபுவின் மகன்தான். காலுக்கு அது தெரியாது.

பிறகு சொல் கடையை விட்டு இறங்கி நடந்தது.
ரொட்டிக்காரனைத் தொட்டது,
படகோட்டியை, மெழுகுவத்தி விற்பவனை.
அங்கி போடாத ஊர் முழுக்க ஸ்நாப்.
நடந்த சொல்லில் சேறு ஒட்டாமல் இருக்குமா?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
கீழே இருந்தவனின் பெயர்
மேலே பார்த்து ஏங்குகிறவனுக்குப் போனது:
இரவல் கோட்டு, வாடகை வண்டி,
முள்கரண்டி எந்தக் கையில் என்று
பக்கத்து நாற்காலியை மேயும் ஓரக்கண்.
அந்தப் படியில் சில காலம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு
இன்னும் ஏறியது.
மேலே நின்று கீழே பார்த்து
மூக்கைச் சுளிப்பவன் ஸ்நாப் ஆனான்.
ஒரு சொல் மாடிக்குப் போய்
தான் பிறந்த வாசலை எட்டிப் பார்த்து
யாரது என்று கேட்டது.

படித்தவர்கள் அதற்கு ஒரு லத்தீன் ஜாதகமும் எழுதினார்கள்.
'உயர்குடி அல்லாதவன்' என்பதன் சுருக்கமாம்,
பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பார்களாம்.
நல்ல தையல். ஆனால் பொய்.
செருப்புக்கடையில் பிறந்தேன் என்று சொல்லச்
சொல்லுக்கே கூச்சம்.

கப்பலேறிப் போன தம்பி ஒருவனும் உண்டு.
நியூ சவுத் வேல்ஸ் கொட்டகைகளில்
ரோமம் கத்தரிக்கக் கடைசியாய் மிஞ்சும் ஆட்டுக்கு,
சிக்கும் மணலுமாய்
யாரும் கை வைக்க விரும்பாத கிழட்டு ஆட்டுக்கு,
அதே பெயர்.
செருப்பச்சுக்கும் கடைசிக்கும்
அந்த மொழியில் ஒரே ஒலி.

தமிழில் நேர்ச்சொல் கேட்டால் தடுமாறுகிறேன்.
பகட்டு, மேட்டிமை,
தலைக்கனம் என்கிறோம்.
நமக்கு அது தலையில் தொடங்குகிறது.
இது காலில் தொடங்கியது.

போன வெள்ளிக்கிழமை, அதே கேம்பிரிட்ஜில்,
ரோவினா பிளைத் ஒரு விருந்தில்
அட்டைப்பெட்டி ஒயினை விரலால் தள்ளினாள்.
"நீ சரியான ஸ்நாப்!" என்றார்கள்.
"காபியிலும்தான்" என்றாள்,
பதக்கம் வாங்கியவள் போல.
வெளியே வந்தபோது கல்பாவிய தெருவில்
வலது குதிகால் கழன்றது.
வீடு வரை
ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம்.

சனிக்கிழமை சந்தையோரக் கூண்டுக்கடையில்
ரிமாஸ் குனிந்திருந்தான், லித்துவேனியாக்காரன்.
"எப்போது கிடைக்கும்?"
பதில் இல்லை.
"மிஸ்டர், உங்களைத்தான்."
தலை நிமிராமல் நான்கு விரல் காட்டினான்.

என்ன திமிர், என்று நினைத்துக்கொண்டாள்.
ஒற்றைச் செருப்போடு நின்றாள்.
மேலண்ணத்தில் இரும்பின் சுவை,
அவன் நாக்கு
அடுத்த ஆணியைத் தேடிக்கொண்டிருந்தது.